சம்பந்தியின் சீலை விமானம்

உருகுவே நாட்டில் உச்சி நேரத்துச் சூரியன் வடக்குப் பக்கமாய் நிற்கும். ஊருக்குத் திரும்பி வந்து முருங்கன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பிளேனில் இருந்து இருந்து எனக்குத் தலை சுற்றியிருக்கும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வயலில் நின்று நிழலைப் பார்த்து நேரம் சொல்லிப் பழகியவன் நான். மாரி காலத்தில் சூரியன் தெற்கால் போகும் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு மாட்டுக்கும் தெரியும். அங்கே மகன் வீட்டு முற்றத்தில் முதல் நாள் நின்றபோது என் நிழல் எனக்குத் தெற்கே விழுந்து கிடந்தது. நிழல் ஆருடையதென்று பார்க்க நான் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன்.

எனக்கு எழுத்து ஓடாது. நான் சொல்லச் சொல்ல என் தங்கையின் மகள் இதை எழுதுகிறாள். என் வாயில் வருகிறதைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று அவள் பிடிவாதம். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம். இரண்டு பிடிவாதமும் சேர்ந்ததுதான் இது.

என் மகன் சேகர் கனடாவுக்கென்று புறப்பட்டவன். கூட்டிப் போனவன் பாதி வழியில், தென்னமெரிக்காவில் ஒரு பெரிய பட்டினத்தில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். மொழி தெரியாது, கடதாசி இல்லை. கையில் இருந்த ஒரே தொழில் நெல். கேட்டுக் கேட்டு, நெல் விளைகிற நாடு பக்கத்தில் இருக்கிறதென்று அறிந்து, உருகுவேயின் கிழக்குப் பக்கம் போய் வாய்க்காலுக்குத் தண்ணீர் கட்டும் வேலையில் சேர்ந்தான். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய வேலையா? அங்கேயே கடதாசியும் கிடைத்தது, லூசியா என்ற பெண்ணும் கிடைத்தாள். கலியாணத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம்.

என் மனைவி பாக்கியத்துக்கு முழங்கால் வருத்தம். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடு. ஆனால் வாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை.

"கலியாணம் முடிஞ்சு எத்தினை வருசம். பொம்பிளை பகுதியின்ரை முகத்தை ஒருக்கா எண்டாலும் பாக்காட்டி அது என்ன சம்பந்தம்? போய் அந்த மனுசனோடை ஒரு நேரச் சோறு திண்டுபோட்டு வாங்கோ."

சோறு தின்னப் பூமியின் மற்றப் பக்கத்துக்குப் போன ஆள் எங்கள் கிராமத்தில் நான் ஒருவன்தான்.

முதல் நாள் கதை கருவாட்டோடு தொடங்கியது. பாக்கியம் பேசாலைக் கருவாட்டை ஏழெட்டுப் பையில் சுற்றி, அதன்மேல் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலை வைத்து, அதன்மேல் என் வேட்டிகளை வைத்திருந்தாள். விமான நிலையத்தில் ஒரு நாய் வந்தது. மற்ற எல்லாருடைய பையையும் மணந்து பார்த்துவிட்டு நடந்த நாய், என் பையைக் கண்டதும் அப்படியே இருந்துவிட்டது. சீருடை போட்ட பெண் பையைத் திறந்தாள். கருவாட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாயும் பின்னால் போனது. ஒடியலைக் காட்டி என்னவோ கேட்டாள். சாப்பாடு என்று காட்ட நான் ஒன்றைக் கடித்துக் காட்டினேன். ஒடியலைக் கடிப்பது எந்த வயதிலும் கஷ்டம், என் வயதில் சொல்ல வேண்டாம். நான் கடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. போ என்று கையைக் காட்டிவிட்டாள்.

அங்கிருந்து சேகரோடு பஸ். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் மாடும்தான். ஒரு பனை இல்லை. பனையில்லாத வெளி எனக்கு மொட்டையடித்த தலை மாதிரி. சாரதி ஒரு கையால் பஸ்ஸை ஓட்டி, கமக்கட்டுக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலை இடுக்கி, மற்றக் கையில் ஒரு சுரைக்குடுக்கையை வைத்து உறிஞ்சிக்கொண்டே வந்தான். வழியில் ஒரு பெற்றோல் செட்டில் நிற்பாட்டினான். நான் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. சேகர் உள்ளே நித்திரை. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஓடியதைக் கடைசிச் சீற்றில் இருந்த பெண் ஒருத்தி கண்டு கத்த, பஸ் நின்றது. ஏறியதும் எல்லாரும் கை தட்டினார்கள். மன்னார் பஸ்ஸென்றால் கண்டக்டரிடம் நல்ல பேச்சு வாங்கியிருப்பேன்.

லூசியா வாசலுக்கு வந்து, "வாங்கோ மாமா" என்றாள். மெல்லிய, நெடிய பிள்ளை. கை மட்டும் கமக்காரக் கை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வயல் வேலை என்றுதான் சேகர் போனில் சொல்லியிருந்தான். அடுத்த நாள் காலையில்தான் கண்டேன். சின்ன மஞ்சள் விமானம் ஒன்றில் ஏறிப் போய், மேலே நின்று யூரியா எறிகிறாள். நெல்லும் அப்படித்தான் விதைக்கிறாளாம். நாங்கள் கடகத்தை இடுப்பில் வைத்து நாள் முழுக்க நடந்து விதைப்பதை அவள் ஒரு சுற்றில் முடித்துவிட்டு இறங்கித் தலையைச் சொறிந்தாள். எங்கள் பரம்பரையில் கமக்காரர் பலர். ஆகாயத்தில் கமம் செய்கிற மருமகள் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

சம்பந்தியைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும். அவர் பெயர் ரமோன். மனைவி இறந்து போனவர், லூசியாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். என்னிலும் இரண்டு மடங்கு அகலம். மீசை கன்னம்வரை. என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார். சம்பந்தி சம்பந்தியைக் கொஞ்சுவதை நான் எந்தக் கலியாண வீட்டிலும் கண்டதில்லை. வேட்டியைச் சரிசெய்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சுரைக்குடுக்கை வந்தது. பச்சை இலைத் தூளை நிரப்பி, சுடுதண்ணீர் ஊற்றி, உலோகக் குழல் ஒன்றைக் குத்தி உறிஞ்சுகிறார்கள். ஒருவர் குடித்த அதே குழலில் அடுத்தவர், அதற்கடுத்து மற்றவர். எங்கள் வீட்டில் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற வழக்கம். வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி என்று சேகர் காதுக்குள் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன். வேப்பம்பட்டைக் கசாயம்தான். மரியாதையாக இருக்கட்டும் என்று, சேகர் சொல்லித் தந்த "கிராசியாஸ்" என்ற நன்றியைச் சொல்லிக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குடுக்கை எனக்கு வரவேயில்லை. எல்லாரையும் சுற்றி வரும், என்னைக் கண்டதும் தாண்டிப் போகும். என்ன பிழை விட்டேனோ என்று அன்று பொழுது முழுக்க யோசித்தேன். அங்கே அந்தக் குடுக்கைக்கு நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தமாம். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத எங்கள் சனம்தான் அங்கே ஒழுங்காகக் குடிக்கலாம்.

மூன்றாம் நாள் சம்பந்தி என்னைத் தன் இடத்துக்குக் கூட்டிப் போனார். நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை. அவர் தன் காலமெல்லாம் அந்த நாட்டு ராணுவ விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டகைக்கு வெளியே புல்லில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. இரண்டு எஞ்சின், நீட்டு மூக்கு, தும்பியின் வால் மாதிரி உயர்ந்த வால். எனக்குக் கால் நின்றுவிட்டது.

"புக்காரா" என்றேன்.

சம்பந்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பூமியின் மற்றப் பக்கத்துக் கமக்காரனுக்கு இந்த விமானத்தின் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டார். பக்கத்து நாட்டில் செய்ததாம். இவர்தான் இதற்கு எஞ்சின் பார்த்தவராம். சேகர் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னப்பா சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு. சண்டைக் காலத்திலை குண்டு போட எங்கடை வயலுக்கு மேலாலை பறந்தது, நாங்கள் கீழை பங்கருக்குள்ளை இருந்தனாங்கள் எண்டு சொல்லு."

அவன் சொன்னான். சம்பந்தி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெயருக்கு மலைச்சாதிச் சனத்தின் பாசையில் கோட்டை என்று அர்த்தம் என்று மட்டும் பிறகு சொன்னார். எங்களிடமும் கோட்டை இருக்கிறது. பாலம் தாண்டி மன்னாருக்குள் போகும்போது முதலில் தெரிவது அதுதான். மத்தியானத்தில் அதன் நிழலில் கழுதைகள் படுத்திருக்கும். அந்தக் கோட்டையைக் கண்டு ஒரு கழுதையும் பயந்ததில்லை. இந்தக் கோட்டையின் சத்தம் கேட்டால் நாங்கள் சோற்றுக் கோப்பையை எறிந்துவிட்டு ஓடினோம். விமானத்துக்குள்ளே இருப்பது எனக்குப் பயமில்லை, வரும்போது நன்றாக நித்திரை கொண்டுதான் வந்தேன். விமானத்துக்குக் கீழே நிற்பதுதான் பயம். நாட்டில் சண்டை எல்லாம் முடிந்து எவ்வளவோ காலமாகியும், தலைக்கு மேல் ஒன்று போனால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

சம்பந்தி என் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார்.

உள்ளே நின்றதை விமானம் என்று சொல்ல எனக்கு முதலில் வாய் வரவில்லை. மரச்சட்டம், மேலும் கீழுமாய் இரண்டு இறக்கைச் செட்டை, நடுவே கம்பிகள், எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துப் போர்த்த துணி. சைக்கிள் சில்லுப் போல இரண்டு சில்லு. அந்தத் துணி எங்கள் சாதாரணச் சீலைதான், பசை பூசிக் காயவைத்திருக்கிறார்கள். விரலால் தட்டினேன், மேளம் மாதிரிக் கேட்டது. அதைவிடப் புதினம் மணம். எனக்குத் தெரிந்த மணம், ஆனால் பிடிபடவில்லை. எஞ்சினுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனதும் பிடிபட்டது. ஆமணக்கெண்ணெய். சின்ன வயதில் எங்கள் அம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் வாய்க்குள் ஊற்றிய அதே பேதி எண்ணெய். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அதுதான் எண்ணெயாம். பறக்கும்போது அது புகையாய்ப் பின்னால் வந்து ஓட்டுகிறவனின் வாய்க்குள் போகுமாம். இறங்கியதும் அந்தக் காலத்து வீரர்கள் எல்லாரும் ஓர் இடத்துக்குத்தான் ஓடினார்களாம். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டினார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவை சேர்ந்து சிரித்தோம்.

அந்த விமானத்தின் கதையைச் சம்பந்தி சொல்ல, சேகர் தமிழாக்கினான். ஐரோப்பாவில் முதல் பெரிய சண்டை முடிந்ததும், மிஞ்சிய விமானங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்களாம். ஆர்ஜன்டீனா, பிரேசில், சிலி, பெரு, உருகுவே என்று அந்தக் கண்டத்து ராணுவங்கள் வாங்கிப் பூட்டின. நேற்றுவரை குதிரையில் போனவன் இன்றைக்கு விமானத்தில் ஏறினான். பழக்கத்தில் காலைத் தூக்கிப் போட்டுக் குதிரையில் ஏறுவது போல ஏறித் துணியைக் கிழித்தவர்களும் இருந்தார்களாம். விமான நிலையம் என்று ஒன்றும் கிடையாது. மாட்டுப் பண்ணைகளில் இறங்குவார்கள். இது ஓட்டப் பழக்குகிற விமானம்; ராணுவத்தில் பிறந்தாலும் சண்டைக்குப் போனதில்லை. பிறகு ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோலுக்குக் கீழே கிடந்ததைச் சம்பந்தி எடுத்து வந்து, ஓய்வு பெற்ற காலம் முழுவதும் இதோடேயே கிடந்திருக்கிறார்.

"இவள், இந்தப் பிளேன், ஒருத்தருக்கு மேலையும் குண்டு ஒண்டையும் போடேல்லை எண்டு சொல்லுறார் அப்பா. உங்களுக்குச் சொல்லச் சொன்னவர்."

சம்பந்திக்கு ஒரு கவலை இருந்தது. தலைநகரத்தில் பழம்பொருள் வைக்கிற நூதனசாலை இந்த விமானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கூரையில் கம்பியால் கட்டித் தொங்கவிடப் போகிறார்கள். நகரசபைத் தலைவர் ஒரு வழி சொல்லியிருந்தார்: வருகிற ஞாயிறு நகரத்துப் பெருவிழா. அன்று எல்லாருக்கும் முன்னால் இது எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, உடையாமல் இறங்கினால் இங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை லொறி வரும். ஓட்டப் போகிறவள் லூசியா. அந்தச் சீலை விமானம் தாங்குகிற பாரத்துக்கும் அதன் குணத்துக்கும் அவளைவிட்டால் ஆளில்லை. தொங்கவிட்ட விமானம் தொங்கவிட்ட கருவாடு மாதிரி, அதற்குப் பிறகு அது நீந்தாது என்றார் சம்பந்தி. கருவாடென்று அவர் சொல்லவில்லை, ஏதோ ஒரு இறைச்சி சொன்னார். கருவாடாக்கியது சேகர்.

வெள்ளிக்கிழமை எஞ்சினை நிலத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதிலும் ஒரு புதினம். காற்றாடி மட்டும் சுற்றவில்லை, எஞ்சினே சேர்ந்து சுற்றியது. வண்டில் சில்லுச் சுற்ற மாடும் சேர்ந்து சுற்றினால் எப்படியிருக்கும்? அந்த எஞ்சினுக்கு மெதுவாக ஓடத் தெரியாது. வேகத்தைக் குறைக்க லூசியா அதை அணைத்து அணைத்துப் பற்றவைத்தாள். உர்ர் என்று சத்தம் வரும், அறும், திரும்ப வரும். நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபடியால் பயப்படவில்லை.

சனிக்கிழமை மழை. எங்கள் ஐப்பசி மழை மாதிரி நிற்காத மழை. மழை பெய்தால் மாவைப் பிசைந்து தட்டிக் கொழுப்பில் பொரிப்பது அந்த ஊர் வழக்கம். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் பொரிக்கிற மணம். மழைக்கும் பொரித்த மாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். மழைத் தண்ணீரில் மாப்பிசைந்த காலத்துப் பழக்கமாம். லூசியா அரிசியைப் பாலில் காய்ச்சிச் சீனியும் கறுவாவும் போட்டுத் தந்தாள். எங்கள் பொங்கல் புக்கைதான், பயறும் தேங்காயும் இல்லாத புக்கை. நான் இரண்டு கோப்பை சாப்பிட்டேன். சம்பந்தி ஒன்றும் சாப்பிடாமல் யன்னலுக்குள்ளால் புல்வெளிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வானம் வெளித்துவிட்டது, காற்றுத்தான் பலம். ஆனால் புல்வெளி சதசதவென்று கிடந்தது. மேலே பார்த்தால் பச்சை, காலை வைத்தால் தண்ணீர். அந்தச் சைக்கிள் சில்லுச் சேற்றில் புதைந்தால் விமானம் மூக்கில் குத்தித் தலைகீழாய்ப் பிரளும். சம்பந்தியும் சேகரும் நானும் நடந்து நடந்து பார்த்து, நடுவே ஒரு மேட்டு நிலம் நீளமாய்க் காய்ந்து கிடப்பதைக் கண்டோம். எழும்பவும் இறங்கவும் அது ஒன்றுதான். அதன் ஓரத்தில் சம்பந்தி இரண்டு வெள்ளைக் கட்டில் விரிப்பை ஆங்கில ரீ எழுத்துப்போல ஒன்றைக் குறுக்காயும் மற்றதை நெடுக்காயும் விரித்து, நான்கு பக்கமும் தடி அறைந்தார். அந்தக் காலத்துப் பண்ணைகளில் பெண்கள் இப்படித்தான் விரித்து வைப்பார்களாம். ரீயின் தலை காற்று வருகிற பக்கம். கால் இருக்கிற பக்கத்தால் வந்து, தலையைப் பார்த்து இறங்க வேண்டும். இந்த விமானத்தில் வானொலி கிடையாது. இருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. மேலிருந்து வருகிறவளுக்கு இந்த இரண்டு சீலையும்தான் வழி.

அந்தச் சீலைகளுக்குக் காவல் என் வேலை. மாடோ நாயோ மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த சம்பந்தி எனக்கு மரியாதையான வேலை என்று எல்லாருமாய்ச் சேர்ந்து தீர்மானித்தார்கள். நானும் பாக்கியம் பையில் கட்டிவிட்ட நல்ல வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினேன். சனம் தூரத்தில் வேலிக்கு வெளியே. நகரசபைத் தலைவரும் நூதனசாலை ஆட்களும் கதிரைகளில் இருந்தார்கள்.

லூசியா எழும்பினாள். அந்த மரமும் சீலையும் கொஞ்சத் தூரம் துள்ளித் துள்ளி ஓடி, பிறகு துள்ளல் நின்று, சில்லுக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சம்பந்தி தொப்பியை எறிந்தார். அவள் மாதா கோயில் கோபுரத்தைச் சுற்றி, நெல் வயல்கள் பக்கமாய்ப் போய் மறைந்தாள். சத்தமும் போய்விட்டது. வெயில் இதமாய் இருந்தது. நான் ஊரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

சத்தம் முதுகுப் பக்கத்தால் வந்தது. பதிந்து, கிட்டவாய், உர்ர் என்று வந்து, அறுந்து, திரும்ப வந்தது. குத்தி வருகிற சத்தம்.

எங்கள் ஊரில் பொம்மர் என்கிற குண்டு விமானத்தின் சத்தம் கேட்டால் முதலில் கேட்கிற குரல் ஓடு என்பதல்ல. "சீலையை எடுங்கோ" என்பதுதான். கொடியில் காய்கிற வெள்ளை மேலிருந்து நன்றாய்த் தெரியும்; தெரிந்தால் இங்கே சனம் இருக்கிறதென்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் ஆராவது ஒருவர் கொடிக்குத்தான் பாய்வார்கள். எங்கள் வீட்டில் அது நான்.

பாய்ந்துவிட்டேன். தடிகளைப் பிடுங்கி எறிந்து, இரண்டு விரிப்பையும் சுருட்டி நெஞ்சோடு அணைத்து, ஒரு பற்றைக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து, காதைப் பொத்தி வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். அதிர்ச்சிக்குக் காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறக்க வேண்டும். தலைக்கு மேலால் அது போனது. ஒன்றும் விழவில்லை. ஆமணக்கெண்ணெய் மணந்தது.

அந்த மணத்தில்தான் எனக்கு நான் இருக்கிற நாடு தெரிந்தது.

தலையைத் தூக்கினேன். வேலிப் பக்கம் சனம் எழும்பி நின்றது. சேகர் சேற்றுக்குள்ளால் விழுந்தெழும்பி ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அப்பா, சீலையை விரியுங்கோ. அவளுக்கு இடம் தெரியேல்லை."

அவன் வந்து சேருமட்டும் நேரமில்லை. லூசியா தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு விரிப்பை உதறினேன். காற்றுப் பறித்துக்கொண்டு போய் முள்ளுக்கம்பியில் போட்டது. மற்றதைத் தனி ஆளாய் விரிக்கப் பார்த்தேன். ஒரு முனையைப் பிடிக்க மறு முனை எழும்பியது. தடிகளை எங்கே எறிந்தேனோ தெரியாது. அவள் தாழ்ந்து வந்தாள். மூக்குச் சேற்றுப் பக்கம் நேராய் நின்றது.

வேறு வழி தெரியவில்லை. நெல் தூற்றுகிறவனுக்குக் காற்றின் பக்கம் கேட்டறியத் தேவையில்லை. விரிப்பு இருந்த இடத்துக்கு ஓடி, காற்று வந்த பக்கம் தலையை வைத்து, மிஞ்சிய விரிப்பை முதுகுக்குக் கீழே குறுக்காய்ப் போட்டு, இரண்டு கையையும் விரித்து அதன் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டிக் காலை நீட்டி மல்லாந்து படுத்தேன். கை தலைப்பக்கக் குறுக்குக் கோடு. உடம்பும் காலும் நேர் கோடு. ரீ.

வாழ்நாளில் விமானத்துக்குக் கீழே நான் மல்லாந்து படுத்தது அதுதான் முதல் தடவை. என் கால் பெருவிரல்களுக்கு மேலால் அது வந்தது. கண்ணை மூடச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. மூடவில்லை. மூடினால் அவளுக்கு நான் தெரியமாட்டேன் என்று ஒரு விசர் எண்ணம். இரண்டு செட்டை, கம்பி, சில்லு எல்லாம் பெரிதாகிப் பெரிதாகி வந்தன. சேற்றுப் பக்கம் நின்ற மூக்கு மெல்ல, வரம்பில் ஏறுகிற மாடு திரும்புகிற மாதிரி, என் பக்கம் திரும்பியது. சத்தம் அறுந்தது. காற்றுக் கம்பிகளில் கூவுகிறது கேட்டது. சில்லு என் வலப்பக்கம், மேட்டு நிலத்தில், ஒருக்காத் துள்ளிப் பிறகு அமர்ந்தது. முகமெல்லாம் ஆமணக்கெண்ணெய் தூறியது. வாலின் கீழ்த்தடி கலப்பை போல மண்ணைக் கீறிக்கொண்டு போகப் போக, விமானம் மெதுவாகி, நின்றது. நிமிர்ந்து நின்றது.

சனம் எழுப்பிய சத்தம் மடு மாதா திருவிழாச் சத்தம்.

சேகர்தான் முதலில் வந்து என் தலையைப் பிடித்துப் பார்த்தான். லூசியா ஓட்டுகிற இருக்கையால் குதித்து ஓடி வந்தாள். முகம் எண்ணெய், பல் மட்டும் வெள்ளை. அவள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சொன்னதைச் சேகர் சொன்னான்.

"ரீயைக் காணேல்லையாம். பிறகு கண்டவளாம், ஆனால் அந்த ரீக்குக் கால் நடுங்கிச்சுதாம். அதைப் பாத்துத்தான் அது நீங்கள் எண்டு தெரிஞ்சதாம்."

வேலிப் பக்கம் ஒலிபெருக்கியில் நகரசபைத் தலைவர் கதைத்தார். ஆளே ரீயாய்ப் படுப்பது அந்தக் காலத்துப் பழைய முறையென்றும், சம்பந்தி அதைக்கூட விடாமல் செய்து காட்டிவிட்டார் என்றும் அவர் நினைத்துவிட்டார். நூதனசாலை ஆட்களும் எழும்பி நின்று கை தட்டினார்கள். விமானம் இந்த நகரத்தை விட்டுப் போகாது என்று அவர் சொன்னபோது, மிச்சப் பேச்சுச் சனத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

சம்பந்தி கடைசியாய் வந்தார். பாரமான மனிதர், சேற்றில் நடக்க நேரம் சென்றது. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். நான் சீலையைச் சுருட்டியதை முதலில் கண்டவரும் அவர்தான், அது எந்த விமானத்துக்குப் பழகிய கை என்று சொல்லாமல் விளங்கிக்கொண்டவரும் அவர்தான். என்னைத் தூக்கிவிடக் கை நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் முழங்காலைக் குத்தி, ஒரு கையை ஊன்றி, மெல்ல மெல்லச் சரிந்து, தானும் மல்லாந்து படுத்தார். வயிறு ஒரு சின்ன மேடு மாதிரி நின்றது. எங்களுக்குப் பொதுவாய்ப் பேச ஒரு பாசையும் இல்லைத்தானே. மேலே வானம் கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. அதில் ஒன்றும் வரவில்லை. வந்தாலும் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

சேகருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"எழும்புங்கோ அப்பா. சனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும் தம்பி. நல்லாத் தெரியட்டும்."